ஒன்பதாவது மாடியில் விட்டுப்போனது

தொப்பி வைத்த வாசல்காவலன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, செராஃபின் சவ வண்டியை ஹோட்டல் முகப்புக்குள் பாதி நுழைத்துவிட்டிருந்தான். முன்னால் ஒரு டாக்ஸி. பின்னால் இன்னொன்று. பெட்டிகளோடு நின்றிருந்த வெளிநாட்டுக்காரர்கள் சுவரோடு ஒதுங்கிக்கொண்டார்கள்.

"இங்க நிறுத்தக் கூடாதுங்க!"

"நிறுத்தலையே. ஆள எறக்கி விடறேன்" என்றான் செராஃபின்.

"எந்த ஆள?" காவலன் வண்டியின் பின்பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"முன்னாடி இருக்கறவங்களத்தான். பின்னாடி இருக்கறவங்க ஏற்கெனவே இங்க தங்கிட்டுத்தான் போறாங்க."

இசௌரோ நடு இருக்கையில், முழங்காலில் கியர் இடிக்க உட்கார்ந்திருந்தான். மதினி கமேரினா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி இறங்கி, காவலன் முன்னால் போய் நின்றாள். அவன் மார்பளவுதான் இருந்தாள்.

"என் தங்கச்சி இந்த வாசல்ல எத்தன தடவ நுழைஞ்சிருப்பா? நீதான கதவத் தொறந்து விட்டிருப்ப? பெட்டியத் தூக்கிட்டுப் பின்னாடி போயிருப்ப? இப்ப மட்டும் என்னப்பா வந்துச்சு?"

காவலன் தொப்பியைக் கழற்றினான். கழற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் வயிற்றோடு பிடித்துக்கொண்டான்.

"பக்கத்துச் சந்துல சலவை வண்டி நிக்கற எடம் இருக்கும்மா. அங்க போடச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

"மதியத்துக்குள்ள வந்துருங்க" என்றான் செராஃபின், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "மலையில பனி எறங்கிடுச்சுன்னா ரோடு தெரியாது. அப்புறம் என்னச் சொல்லாதீங்க."

வண்டி பின்னால் நகர்ந்தது. கண்ணாடிக்குள் சவப்பெட்டியின் மேல் வைத்த வெள்ளைப் பூக்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. இசௌரோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தான். கால் நகரவில்லை.

அவன் மனைவி எலோதியா இந்த ஹோட்டலில்தான் இறந்தாள். ஒன்பதாவது மாடியில். மலைக் காப்பி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்காக மெக்சிகோ நகரத்துக்கு வந்து, வாங்குகிறவர்களோடு விலை பேசி, இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புவது அவள் வேலை. ஹோட்டல் செலவு வாங்குகிற கம்பெனியுடையது. இந்த முறை காலைக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. கதவைத் தட்டினார்கள், பிறகு திறந்தார்கள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்திருக்கிறது என்றார் மருத்துவர். தெரிந்திருக்காது, தூக்கத்திலேயே என்றார். இசௌரோ "சரி" என்றான். அதன் பிறகு எல்லோரிடமும் "சரி", "ஆமாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பிணவறையில் பெயர் கேட்டபோது அவளுடைய அடையாள அட்டையை நீட்டினான். சொல்லவில்லை.

உடலை வாங்கியாயிற்று. நேராக மலைக்குப் போயிருக்கலாம். கமேரினாதான் விடவில்லை.

"பெட்டிய மட்டும் கொண்டு போயி என்ன பண்றது தம்பி? மூச்சு எங்க போச்சோ அங்கதான் அவ நிழல் நிக்கும். கூப்பிட்டாத்தான் வரும். உடம்பும் நிழலும் ஒண்ணா ஊர் போய்ச் சேரணும். வாசல்ல கால வெச்சதும் அம்மா என்ன கேப்பா? பெட்டி வந்துச்சான்னா கேப்பா? அவளக் கூட்டிட்டு வந்தியான்னுதான கேப்பா."

அவன் விவசாயக் கல்லூரியில் படித்தவன். இதையெல்லாம் நம்புகிறானா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. சண்டை போடுவதைவிடப் போய்வருவது சுலபமாக இருந்தது. ஆனால் மதினி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். யார் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாளோ அவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிணவறையிலேயே அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை.

வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து மேலாளர் வந்தார். ரெந்தேரியா என்று சட்டையில் எழுதியிருந்தது. இளைஞர். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு பேசினார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. மேடம் எங்களுக்கு ரொம்ப வேண்டிய விருந்தாளி."

"அப்ப விருந்தாளிய வழியனுப்ப விடுங்க" என்றாள் கமேரினா.

"புரியலைங்களே."

"அவ தங்கியிருந்த அறைக்குப் போகணும். கொஞ்ச நேரம்" என்றான் இசௌரோ.

ரெந்தேரியா தரையைப் பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது. "அந்த அறையில இப்ப வேற ஒருத்தர் இருக்காங்க. நேத்து வந்தாங்க."

"நேத்தா!" கமேரினா மூட்டையை இறுக்கினாள். "அவ படுத்த சூடு ஆறல. அதுக்குள்ள ஆளப் போட்டாச்சா?"

"மெத்தை, திரைச்சீலை, எல்லாம் புதுசா மாத்திட்டோங்க."

கமேரினா இசௌரோ பக்கம் திரும்பி, தங்கள் மஸாதெக் மொழியில் சொன்னாள்: "பையன் நல்லவனாத்தான் தெரியறான். ஆனா வாயத் தொறந்தா சோப்பு நுரையா வருது."

எலோதியாவும் இப்படித்தான் பேசுவாள். எதிரே இருப்பவருக்குப் புரியாத மொழியில், முகத்தில் சிரிப்பு மாறாமல். இசௌரோ தன் உதடு அசைவதை உணர்ந்தான். அசைந்து, நின்றது.

"சரி, இடத்துக்காரர் யாரு?" கமேரினா ஸ்பானிஷுக்கு வந்தாள். "அவருக்கு நான் கொடுக்க வேண்டியது இருக்கு."

"முதலாளிங்களா? அவங்க ஸ்பெயின்ல இருக்காங்க."

"ஸ்பெயின்ல இருந்துகிட்டு இங்க எப்பிடி இடத்துக்காரரா இருக்கறது? இங்க மழ பேஞ்சா அவரு நனைவாரா?"

மலையில் ஒவ்வொரு பாறைக்கும் ஊற்றுக்கும் பாதை வளைவுக்கும் ஒரு இடத்துக்காரர் உண்டு. கண்ணுக்குத் தெரியமாட்டார். அங்கே ஒருவர் விழுந்தாலோ இறந்தாலோ, கொக்கோ கொட்டையைக் கையில் வைத்துக் கேட்டுத்தான் அழைத்து வர வேண்டும். இதை ரெந்தேரியாவுக்கு எப்படிச் சொல்வது?

"கீழ ஒரு சின்ன ஹால் இருக்குங்க" என்றார் ரெந்தேரியா. "அத உங்களுக்குத் தர்றேன். பூ வச்சு, அமைதியா, எவ்வளவு நேரம் வேணும்னாலும்..."

"அவ ஹால்லயா செத்தா?"

கமேரினாவுக்கு மலையிலிருந்து பள்ளத்தாக்குக்குக் கூப்பிடும் குரல். பெட்டி இழுத்துப் போனவர்கள் நின்றார்கள். பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் கூட ஒரு நொடி விட்டுப் பிடித்தார்.

"வாங்க, மேல போலாம்" என்றார் ரெந்தேரியா, அவசரமாக.

லிஃப்டுக்குள் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு விஷயம். ஒண்ணு, நெருப்பு கூடாது. மெழுகுவத்தி, சாம்பிராணி எதுவும். புகை போச்சுன்னா அந்த மாடி முழுக்கத் தண்ணி கொட்டும். ரெண்டாவது, அந்தம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். நடந்தது. அவங்க பயந்துடுவாங்க. ஏதோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

"பொய்யில்லையே" என்றாள் கமேரினா.

எண்கள் மேலே ஏறின. இசௌரோ இந்த லிஃப்டில் ஒருமுறை வந்திருக்கிறான். கல்யாணமான முதல் வருஷம். "ஒரு தடவ நீயும் வந்து பாரேன், பேங்க் லாக்கர்ல படுத்த மாதிரி அவ்ளோ நிசப்தம்" என்று எலோதியா கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு வாங்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். கம்பளத்தில் நடக்கும்போது சத்தமே வராதது அவனுக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டதற்கு, வேண்டாம், பசியில்லை என்றான். அவள் கீழே போய், தெருமுனையில் அவரைப் பருப்பு வைத்த தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை வாங்கி வந்தாள். சோளத் தோகையைப் பிரித்து, குளியலறைத் துண்டைத் தரையில் விரித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். கீழே சாலை முழுக்கச் சிவப்பு விளக்குகள் நகர்ந்தன. அவள் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டி இது வங்கி, இது மந்திரி வீடு, இது பல் டாக்டர் என்று சொன்னாள். பாதி கட்டுக்கதை. அவனுக்கு அப்போதே தெரியும்.

அவளுக்கு ஹோட்டல் பிடிக்கும். மறைத்ததில்லை. ஒரே பாயில் ஐந்து பேர் படுத்து வளர்ந்தவள். "திரும்பிப் படுக்கணும்னா மேலிடத்து உத்தரவு வாங்கணும். கமேரினாதான் மேலிடம்." ஹோட்டல் கட்டிலில் குறுக்கே படுப்பாள், கை கால்களை நான்கு திசைக்கும் வீசி. போன் செய்து, "இப்ப என் கால் எங்க இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்பாள். ஹோட்டல் காப்பி கழனித் தண்ணி என்பாள். பெட்டியில் சொந்தக் கொட்டையும் கை அரவையும் எடுத்துப் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குளியலறையில் உட்கார்ந்து அரைப்பாள். ஊர் திரும்பினால் தலைமுடியில் வேறு ஊர்ச் சோப்பு வாசனை இருக்கும். அடுத்த முழுக்கு வரைக்கும் அவன் பக்கத்தில் ஒரு விருந்தாளி படுத்திருப்பது போலிருக்கும்.

கதவைத் திறந்தவள் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் நின்றாள். நாற்பது வயதிருக்கும். காதில் போன் ஒயர். மெக்சிகோவின் வடக்குப் பகுதிப் பேச்சு.

"மிரெயா மேடம், மன்னிக்கணும்" என்றார் ரெந்தேரியா. "இவரோட மனைவி இதே அறையில தங்கியிருந்தாங்க. ஒரு பொருள விட்டுட்டுப் போயிட்டாங்களாம். அதத் தேடி ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

"நான் எதையும் பாக்கலையே." அவள் இசௌரோவின் முகத்தைப் பார்த்தாள். "வாங்க, வாங்க. தேடுங்க. அறை கண்டமேனிக்கு இருக்கு, பாக்காத மாதிரி இருந்துக்கங்க."

காலியான அறையை எதிர்பார்த்துத்தான் இசௌரோ வந்திருந்தான். பூட்டிய, இருட்டான, வெள்ளை விரிப்புப் போட்ட ஒன்றை. இங்கே நாற்காலி முதுகில் ரவிக்கை தொங்கியது. கட்டில் மேல் மடிக்கணினி, டைல்ஸ் மாதிரிகள் ஒட்டிய பலகைகள், பாதி கடித்த ரொட்டி. ஜன்னல் திட்டில் ஈர உள்ளாடை, வெயிலில் காய. எலோதியாவும் அங்கேதான் காய வைப்பாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவள் எழுந்து போயிருந்தாலும் அறை இப்படித்தான் இருந்திருக்கும்.

"என்ன பொருள்? கம்மலா?" மிரெயா அதற்குள் தரையில் முழங்காலிட்டுக் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தாள். "கம்மல்னா இப்பிடித்தான் போகும். நான் குவாதலஹாராவுல ஒண்ணு, வெராக்ரூஸ்ல ஒண்ணுன்னு விட்டிருக்கேன். சேத்தா ஒரு ஜோடி ஆகும்." போன் வெளிச்சத்தை அடித்து, கையை உள்ளே விட்டுத் துழாவினாள். "சொல்லப்போனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். குளியலறையில காப்பி வாசன அடிக்குது. மொதல்ல கீழ சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கு."

இசௌரோவுக்கு அந்தப் பெண்ணின் முதுகைப் பார்க்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, தரையில் கன்னத்தை வைத்து, அவன் மனைவியின் நிழலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கமேரினா மூட்டையை அவிழ்த்தாள். எலோதியாவின் சட்டை. பறவையும் பூவும் தைத்து, இளஞ்சிவப்பும் நீலமுமாக நாடா ஓட்டிய வெள்ளைச் சட்டை, விசேஷத்துக்குப் போடுவது. அதைக் கட்டிலின் நடுவில் விரித்துக் கைகளை இரு பக்கமும் நீட்டி வைத்தாள். ஏற்றாத மெழுகுவத்தி ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சிறிய சுருக்குப் பை.

மிரெயா எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டவள், சட்டையைப் பார்த்தாள். தட்டின கை அப்படியே நின்றது.

"இங்கயேவா?" என்றாள்.

ரெந்தேரியா கூரையைப் பார்த்தார். கமேரினா தலையசைத்தாள்.

காதிலிருந்த ஒயரில் ஒரு ஆண் குரல் பேசிக்கொண்டே இருந்தது. மிரெயா அதைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். ரொட்டித் தட்டையும் பலகைகளையும் எடுத்துத் தரையில் வைத்தாள். கணினியை மூடினாள். கொஞ்ச நேரம் நெஞ்சில் கை வைத்து நின்றாள்.

"எந்தப் பக்கம் படுத்திருந்தாங்க?"

ரெந்தேரியாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

"குறுக்க" என்றான் இசௌரோ. "குறுக்கதான் படுப்பா."

கமேரினா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சட்டையை எடுத்து, மூலைக்கு மூலை, குறுக்காக வைத்தாள்.

"நான் வெளிய நிக்கட்டுமா?" என்றாள் மிரெயா.

"இருங்கம்மா. இன்னிக்கி இந்த எடம் உங்களது. இவுங்க மொதலாளி ஸ்பெயின்ல இருக்காராம், அவர எங்க போய்ப் பிடிக்கறது?" கமேரினா பையிலிருந்து கொக்கோ கொட்டைகளை எடுத்து மிரெயாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இத வாங்கிக்கங்க. எங்க பொண்ண விட்டுர்றேன்னு சொல்லுங்க."

மிரெயா மூடிய கையைப் பார்த்தாள். "விட்டுர்றேன்" என்றாள். பிறகு, போதாது என்று தோன்றியதோ என்னவோ, "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"வெளிச்சம் வேணும். மெழுகுவத்திதான் ஏத்தக் கூடாதுங்கறாரே இவரு."

மிரெயா கட்டிலோரத்துப் பலகையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். கூரை விளக்கு, மேஜை விளக்கு, கண்ணாடியைச் சுற்றி இருந்தவை, அலமாரிக்குள், குளியலறையில். நல்ல வெயில் நேரத்தில் அறை முழுக்க விளக்கு எரிந்தது. எலோதியாவுக்குக் கடைசி வரைக்கும் அந்தப் பலகை பிடிபடவில்லை. எதையாவது அணைக்கப் போய் எல்லாம் எரியும். "மின்சார மந்திரி நான்தான்" என்று போனில் சொல்லிவிட்டு, முகத்தில் தலையணை போட்டுத் தூங்குவாள்.

கமேரினா கட்டிலருகே நின்று கூப்பிட்டாள். அழவில்லை. திட்டினாள்.

"எலோதியா! எந்திரி. போதும் இந்த மெத்தை. உங்கம்மா அடுப்புப் பக்கமே போகல. உன் பெட்டக்கோழி அடைக்கு உக்காந்திருக்கு. உன் புருஷன் நட்டு வெச்ச மரமாட்டம் நிக்கறான், பாரு. எல்லாரும் இருக்கோம். கீழ வண்டி நிக்குது. வாடி, போலாம்."

சட்டையைத் தோள்பட்டைப் பக்கம் பிடித்துத் தூக்கினாள். தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கிடத்தினாள்.

"லேசா இருக்கு. ஏறல."

மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்தது. மறுபடி தூக்கினாள். துணி காற்றில் அசைந்தது, வெறும் துணியாக.

"நான் கூப்பிட்டா அவ என்னிக்கி வந்தா?" என்றாள். சட்டென்று அவள் ஒரு வயதான பெண்ணாகத் தெரிந்தாள். "சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான். நீ கூப்பிடு தம்பி. பேர் சொன்னாப் போதும்."

இசௌரோ கட்டிலருகே வந்தான். வாயைத் திறந்தான். நாக்கு முதல் எழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

மேஜையில் கிடந்த ஒயரில் அந்த ஆண் குரல் கொசு போல, மிரெயா, மிரெயா, லைன்ல இருக்கீங்களா, என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆளால் எவ்வளவு சுலபமாகக் கூப்பிட முடிகிறது!

"தம்பி."

"தெரியுது மதினி."

"மதியமாச்சு."

அவன் மறுபடி முயன்றான். மூச்சு மட்டும் வந்தது. பெயரைச் சொல்லிவிட்டால், சொல்லியும் இந்தத் துணி லேசாகவே இருந்துவிட்டால், அப்புறம் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பினான். திறக்க முடியாத கண்ணாடி. கீழே சந்தில் சலவை வண்டிகளுக்கு நடுவே கருப்பாக அவர்கள் வண்டி. செராஃபின் பின்கதவைத் திறந்து, சரிந்த பூக்களை நேராக வைத்துக்கொண்டிருந்தான். வாசல்காவலன் பக்கத்தில் நின்று ஒரு பூவை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவு உயரத்திலிருந்து, எதிர் மலையில் ஆள் நடமாடுவது போலிருந்தது.

எதிர் மலையில் இருக்கிறவரை யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. அவர்கள் மலையில் ஆண்கள் சீட்டியடிப்பார்கள். சொல்லின் ஏற்ற இறக்கம் அப்படியே சீட்டியில் வரும். பெயர், சேதி, கேலி, எல்லாம். பெண்கள் சீட்டியடிப்பதில்லை, ஆனால் எல்லாம் புரியும். ப்யூப்ளா கல்லூரியில், தாழ்வாரத்தில், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் அவன் ஊர்க்காரத் தோழனிடம் ஒரு பேராசிரியரின் வழுக்கையைப் பற்றிச் சீட்டியில் சொன்னான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், மஸாதெக்கில், "மெதுவாச் சொல்லு, அந்தாளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றது. திரும்பினான். கை நிறையப் புத்தகங்களோடு எலோதியா. அதற்கப்புறம் அவன் அவளை வேறு மாதிரிக் கூப்பிட்டதே குறைவு. காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கும்போது மேட்டில் நின்று ஒரு சீட்டி. கீழே புகைக்கு நடுவிலிருந்து அவள் குரல், "வா வா, உலை வெச்சாச்சு!"

இசௌரோ உதடுகளைக் குவித்தான். வறண்டிருந்தன. முதலில் காற்றுதான் போனது. பிறகு அவள் பெயர் வந்தது. மெல்ல, உயர்ந்து, இறங்கி, கடைசியில் லேசாகத் தூக்கி.

ரெந்தேரியா கதவைப் பார்த்தார். மிரெயா மூடிய கையைத் தாடையோடு சேர்த்தாள்.

இன்னொரு முறை. இப்போது மேட்டில் நின்று அடிப்பது போல, முழு மூச்சோடு. கண்ணாடி அதிர்ந்தது. தாழ்வாரத்தில் எங்கோ ஒரு கதவு திறந்தது. பெயருக்குப் பின்னால் சேதியையும் சீட்டியிலேயே சொன்னான். இருட்டப் போகுது, இறங்கி வா, நான் இங்க நிக்கறேன்.

சீட்டி நின்றதும் அறையில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான்.

கமேரினா சட்டையைத் தூக்கினாள். இந்த முறை திரும்பக் கிடத்தவில்லை. நான்காக மடித்தாள், மடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். அதை இசௌரோவிடம் நீட்டினாள். ஒரு கையால் வாங்கப் போனவனை, "ரெண்டு கையாலயும் பிடி" என்றாள்.

வாங்கினான்.

மிரெயா ஓடிப் போய்க் கதவைத் திறந்து, அது மூடாமலிருக்க வெறுங்காலை முட்டுக்கொடுத்து நின்றாள். அவன் தாண்டும்போது தலை குனிந்தாள். கீழே வந்ததும், பின்வாசல் வழியாகப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்த ரெந்தேரியா, கமேரினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே முன்னால் நடந்து போய் முன்வாசல் கதவை விரியத் திறந்து பிடித்தார்.

"திரும்பிப் பாக்காத" என்றாள் கமேரினா சந்தில் நடக்கும்போது. "திருப்பம் வர்றப்ப எல்லாம் அவளுக்குச் சொல்லு. சொல்லலன்னா முழிச்சிட்டு நின்னுடுவா."

"அவளுக்குத் தெரியாத வழியா மதினி?"

"தெரியும். பஸ்ல போனா தெரியும். இப்பிடிப் போனா தெரியுமா?"



இந்த முறை கமேரினா நடுவில் ஏறிக்கொண்டாள். இசௌரோவுக்கு ஜன்னலோரம். கண்ணாடியை முழுக்க இறக்கினான். மடியில் சட்டை. காவலன் தொப்பியோடு சாலைக்கு இறங்கி மற்ற வண்டிகளை நிறுத்தினான். செராஃபின் இசௌரோவின் கைகளைப் பார்த்தான், கமேரினாவைப் பார்த்தான்.

"திருப்பத்துல எல்லாம் சொல்லணும்" என்றாள் கமேரினா, அவனிடம்.

"எங்க ஊர்லயும் அப்பிடித்தான் அத்தை."

பெரிய சாலையில் கொஞ்ச தூரம் போனதும் முதல் சிக்னல். இடது பக்கம் திரும்பினால் கிழக்கே போகும் நெடுஞ்சாலை. சிவப்பு. ஜன்னல் பக்கத்தில் பலூன் விற்கிறவன் ஒருவன் கொத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பிறகு இரண்டு, பிறகு வரிசையாக. செராஃபின் கியரில் கையை வைத்தபடி, வண்டியை நகர்த்தாமல், இசௌரோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இசௌரோ நாக்கால் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டான்.